அரைமணி கழித்து ஒரு மடக்கு

ஸ்தூல சரீரத்தால் அவதியுறுவோருக்குச் செய்யப்படும் சத்திர சிகிச்சைகளுள் ஒன்றில், இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதை வாழைப்பழம் போன்றதொரு குறுகிய குழாயாக அமைத்துவிடுவதால், தொண்டையில் நிற்கும் கவளத்தைத் தண்ணீரால் தள்ளிவிடும் நம் பழைய வழக்கம் இனிச் செல்லாது. போஜனத்தின் நடுவே நீர் அருந்தினால் அக்குழாய் சீக்கிரமே நிரம்பிக் குமட்டல் உண்டாகுமாதலால், உண்டு அரைமணி கழித்தே, அதுவும் மடக்கு மடக்காகப் பருகவேண்டும் என்பது வைத்தியர்கள் விதிக்கும் நியமம். இலையில் முதலில் கை போகவேண்டியது முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றுக்கே, சோறு அப்புறம்தான். சோடா ஆகாது. வைட்டமின் மாத்திரைகளோ ஆயுள் பரியந்தம். ஆயினும், என் அபிப்பிராயத்தில், பசியைக் காட்டிலும் கடினமான சோதனை, "இன்னும் ஒரே ஒரு கரண்டி" என்னும் உபசாரம்தான். இச்சிகிச்சை பெற்றவர் உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தால், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.