"விசேஷம் உண்டா?" என்று கேட்பதை நிறுத்துவோம்

(கூட்டமைப்புக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சேமிப்பு, கடன், வட்டி பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்று நாம் வெளியில் பேசத் தயங்கும் ஒரு விஷயத்தைப் பேசுவோம். ஒருமுறை கரு கலைந்து, பிறகு கரு தங்காமல் தவிக்கும் பெண்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள்.

"குடம் தூக்கினா, அதான் கலைஞ்சுபோச்சு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் ஏறத்தாழ பாதி, கருவிலேயே உள்ள குரோமோசோம் குறைபாட்டால் நடப்பது. அவள் செய்த தப்பு இல்லை. ஒருமுறை கலைந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்து நல்லபடியாகப் பெற்றெடுக்கிறார்கள்.

ஆனால் கலைந்த பிறகு கவனிப்பு முக்கியம். அரைகுறை வைத்தியரிடம் சுத்தம் செய்தால் கிருமி தொற்றிக் கருக்குழாய் அடைபடலாம். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், நிற்காத உதிரப்போக்கு இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லையா? பரிசோதனைக்குப் போக வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போகலாம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களும், இரண்டு முறை கலைந்தவர்களும் காத்திருக்கவே வேண்டாம். முயற்சி செய்யும்போதே டாக்டரிடம் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட வேண்டும்.

பரிசோதனை இருவருக்கும்தான். பெண்ணுக்குத் தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன். கணவருக்கு விந்துப் பரிசோதனை. "ஒருதரம் உண்டாச்சே, எனக்கென்ன குறை?" என்று சில வீட்டில் மறுப்பார்கள். அன்றைக்கு இருந்த மாதிரியே இன்றைக்கும் விந்தணு இருக்கும் என்று சொல்ல முடியாது. சிகரெட்டும் மதுவும் அதைக் குறைக்கும். அவருடைய சோதனை சுலபமானது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் மனைவியை மட்டும் ஊர் ஊராக அலைய வைப்பது என்ன நியாயம்?

நகையை அடகு வைக்கும் முன், அரசு மருத்துவமனையில் இந்தச் சோதனைகளை முடிப்போம். டெஸ்ட் டியூப் சிகிச்சை என்றால், 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மையம் பதிவு பெற்றதா என்று கேட்போம். மொத்தச் செலவையும் எழுதி வாங்குவோம்.

உலகில் ஆறு பேரில் ஒருவருக்குக் குழந்தைப்பேற்றில் சிரமம் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. இது யாரோ ஒருத்தியின் தலைவிதி அல்ல.

ஆகவே சகோதரிகளே, இன்று தீர்மானம் எடுப்போம். அவளைப் பார்த்து "விசேஷம் உண்டா?" என்று கேட்க மாட்டோம். வளைகாப்புக்கு அவளையும் அழைப்போம். வர மனமில்லை என்றால் வற்புறுத்த மாட்டோம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிறாள் என்றால் குழுவிலிருந்து ஒருத்தி துணைக்குப் போவோம். கடனுக்கு ஜாமீன் நிற்கும் நாம், கஷ்டத்துக்கும் துணை நிற்போம்.