வீணையின் விலை



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையோ காப்பியமோ பேசுபொருளாகாமல், ஓர் இசைக்கருவியின் விலை பேசுபொருளாக அமைவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் படாளத்தைச் சூழ்ந்த இந்த மண்ணுக்கு இப்பொருள் புதிதன்று. பத்துப்பாட்டில் இரண்டு பாணர்கள் யாழைச் சுமந்து நடந்த நிலம் இது. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரினர். மதுராந்தகத்திற்குத் தென்கிழக்கே கடலோரத்தில் இடைக்கழிநாடு இன்றும் அதே பெயருடன் விளங்குகின்றது. பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனின் கச்சிக்கு வழி காட்டுவது. அதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் துறையை மாமல்லபுரம் எனக் கொள்ளும் அறிஞரும் உளர்.

சிறுபாணனின் வீட்டை நத்தத்தனார் காட்டும் இடம் புலவர் எவரும் மறக்கக்கூடியதன்று. கண் திறவாத குட்டிகள் பால் தேடும் நாய் ஓலமிடும் அடுக்களை, இடிந்த சுவர், உப்பு வாங்கவும் வழியின்றி வேகும் குப்பைக்கீரை, அதனைப் பிறர் காண நாணிக் கதவடைத்து உண்ணும் சுற்றம். ஆனால் அந்த வீட்டில் யாழ் இருக்கிறது. உப்புக்கு வழியில்லாத வீட்டில் ஏழு நரம்புகள் கொண்ட சீறியாழ் இருக்கிறது. பெரும்பாணனிடம் இருந்ததோ 21 நரம்புகள் கொண்ட பேரியாழ். பத்தர், போர்வை, மருப்பு, திவவு என உறுப்பு உறுப்பாக யாழை வருணித்துச் செல்லும் புலவர், அதனைச் செய்தவன் யார், அவன் பெற்ற கூலி யாது என்று ஓரிடத்தும் கூறவில்லை. பாடியவன் பரிசில் பெற்றான். கொடுத்தவன் புகழ் பெற்றான். செய்தவன் பெயரே இல்லாமற் போனான். இந்த மௌனம் சிந்திக்கத்தக்கது.

கருவி செய்யும் அறிவைப் புலவர்கள் அறியாதிருந்தனர் என்றும் கூற இயலாது. சீவகசிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில், சீவகன் தன் முன் வைக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக மறுக்கின்றான். ஒன்று நீரில் நின்று அழுகிய மரம். ஒன்று இடி விழுந்த மரம். ஒன்று வெந்த மரம். நரம்பினுள் மறைந்து கிடந்த மயிரையும் எடுத்துக் காட்டுகின்றான். இது பட்டறையில் பிறந்த அறிவு. திருத்தக்கதேவர் அதனைக் காப்பியத்தில் ஏற்றினார். எனினும் காப்பியத்தில் அவ்வறிவு பேசுவது அரசகுமரன் வாயில். தச்சன் வாயில் அன்று.

இந்த மௌனத்தின் விலையைத் தமிழுலகம் பின்னாளில் கொடுத்தது. யாழ் வழக்கொழிந்தது, யாழ் செய்யும் கையும் உடன் ஒழிந்தது. விபுலாநந்த அடிகள் நூல்களிலிருந்தும் உரைகளிலிருந்தும் சான்றுகளைத் திரட்டிக் கணக்கிட்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து யாழ் நூலை எழுத வேண்டியிருந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறியது. அவ்வாண்டே அடிகளும் மறைந்தார். தந்தை மகனுக்குப் பட்டறையில் சில ஆண்டுகளில் கற்றுத்தரக்கூடிய ஒன்றை, அது அறுபட்ட பின் ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பாலும் முழுமையாக மீட்க இயலவில்லை. இன்று சென்னையில் தருண் சேகர் 'உரு' என்னும் தம் பட்டறையில் கிதார்களைக் கையால் செய்வதோடு யாழையும் மீட்டுருவாக்கி வருகின்றார். அது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் மீட்டுருவாக்கம் வேறு, அறாத மரபு வேறு.

அறாத மரபாக இன்றும் இருப்பது தஞ்சாவூர் வீணை. மாமல்லபுரத்தில் தருமராசர் தேரில் வீணை ஏந்திய சிவனைக் காணலாம். அருச்சுனன் தவச் சிற்பத்தில் நரம்புக்கருவி ஏந்திய கின்னரனைக் காணலாம். அவை இன்றைய வீணைகள் அல்ல. 24 மெட்டுகளும் ஏழு தந்திகளும் கொண்ட இன்றைய அமைப்பு, 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது என்பது மரபு. ஏழில் நான்கு வாசிப்புத் தந்திகள்; மூன்று தாளத் தந்திகள். இக்கருவியின் விலையில் மூன்று கூறுகள் உள்ளன: மரம், கை, செவி.

முதலாவது மரம். வீணைக்குப் பலா. பண்ருட்டிப் பலாவைத் தஞ்சைத் தச்சர்கள் நெடுங்காலமாக விரும்பி வாங்குகின்றனர். முதிர்ந்த மரமே நாதம் தரும். இருபது முப்பது ஆண்டு நின்ற மரத்தை வெட்டி, அறுத்து, உலரவிட்டே உளி வைக்க வேண்டும். 2011 டிசம்பர் இறுதியில் வீசிய தானே புயல் கடலூர் மாவட்டத்தில் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை இம்மாவட்டத்தார் அறிவர். அவ்வாண்டு சாய்ந்த மரத்திற்கு மாற்றாக நட்ட கன்று இன்னும் வீணைக்கு வயதாகவில்லை. காய்க்கும் மரத்திற்குப் பழத்தின் விலை உண்டு. வெட்டிய மரத்திற்கு ஒரு முறைதான் விலை. ஆகவே வீணையின் விலையில் முதற்பகுதி காலத்தின் விலை.

இரண்டாவது கை. குடத்தைக் குடைவதில் தச்சனுக்கு அளவுகோல் பெரிதும் உதவாது. சுவர் தடித்தால் ஒலி மந்தமாகும். மெலிந்தால் தந்திகளின் இழுப்பைத் தாங்காது. விரலால் தட்டிக் கேட்டு, மேலும் ஓர் உளி இழைப்பதா நிறுத்துவதா என்று கை முடிவு செய்கிறது. பின்னர்த் தண்டி, யாளிமுகம், சுரைக்காய், குதிரை, பிரடைகள். செதுக்குபவர் ஒருவர், பூவேலை பதிப்பவர் ஒருவர் எனப் பலர் கை கலந்த வேலை இது. முன்னாளில் யானைத்தந்தம் பதித்தனர். தந்த வணிகம் சட்டத்தால் தடைப்பட்ட பின் பிளாஸ்டிக் வந்தது. அழகு சிறிது குறைந்திருக்கலாம், யானை பிழைத்தது. அதற்காக எந்த இரசிகரும் வருந்த வேண்டியதில்லை.

மூன்றாவது செவி. பலரும் அறியாத பகுதி இதுவே. தேன்மெழுகையும் கரித்தூளையும் கலந்து பிசைந்து, தண்டியின் மேல் இரு வரிசையாக ஏற்றி, அதன்மேல் 24 உலோக மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிப்பர். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். ஒரு நூலிழை விலகினாலும் சுரம் பிழைக்கும். இதைச் செய்பவர் மேடை ஏறுவதில்லை. ஆனால் மேடை ஏறுபவரின் சுருதி இவர் செவியில்தான் பிறக்கிறது. மெழுகு வெயிலில் இளகும், காலத்தால் இறுகும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மேளம் கட்ட வேண்டும். வீணை வாங்கிய அன்றோடு செலவு முடிவதில்லை. வாங்குபவர் அதனைச் செய்தவரின் துணையையும் சேர்த்தே வாங்குகின்றார்.

இனி இதன் ஈர்ப்பு. ஒரே தச்சர் ஒரே மரத்தில் செய்த இரு வீணைகளும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. வீணை தனம்மாள் (1867–1938) ஒலிபெருக்கியின்றி, அருகில் அமர்ந்தோர் மட்டும் கேட்குமாறு வாசித்தார். அந்நுண்மையைத் தாங்கிய கருவி அச்சில் வார்த்த கருவியாக இருந்திருக்க இயலாது. கையால் செய்ததில் ஒரு தனிக்குரல் உண்டு என்பதே ஈர்ப்பின் வேர்.

ஆயினும் ஈர்ப்பு அனைத்தும் உண்மையான ஈர்ப்பு ஆகாது. ஏகாண்ட வீணை என்பது குடம் முதல் யாளிமுகம் வரை ஒரே மரத்துண்டில் குடைந்தது. ஒட்டு வீணை பகுதிகளை இணைத்தது. ஏகாண்ட வீணையின் விலை ஒட்டு வீணையினும் பன்மடங்கு. நான்கடி நீளத்திற்குப் பழுதில்லாத பருத்த மரம் வேண்டும். அதில் பெரும்பகுதி சீவலாகிவிடும். விலை கூடுவதற்கு இவை நியாயமான காரணங்கள். ஆனால் ஒலியும் பன்மடங்கு உயர்ந்ததா? மேலைநாட்டில் இக்கேள்வியை வயலினைக் கொண்டு கேட்டனர். 1737இல் மறைந்த ஸ்ட்ராடிவாரியின் வயலின்கள் பல கோடி ரூபாய் பெறும். கிளாடியா ஃபிரிட்ஸ், ஜோசப் கர்ட்டின் ஆகியோரும் குழுவினரும் 2010இலும் 2012இலும் தேர்ந்த கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிவித்துப் பழையனவும் புதியனவும் தந்து வாசிக்கச் செய்தனர். பலர் புதியவற்றையே விரும்பினர். எது பழையது என்று பிரித்தறியவும் இயலவில்லை. கண்ணும் பெயரும் செவியை வழிநடத்துகின்றன என்பது இதனால் புலனாகிறது. நன்கு இணைத்த ஒட்டு வீணை வைத்திருக்கும் மாணவி தலைகுனிய வேண்டியதில்லை. மேளம் செம்மையாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதே அவள் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

விலையைப் பற்றிய ஓர் அடிப்படை வேறுபாட்டை இங்கே கருத வேண்டும். இளையராஜாவின் திரைப்பாடல்களில் அடியோட்டமாக ஒலிக்கும் பேஸ் கிதாரை எடுத்துக்கொள்ளலாம். 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் அதனைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கினார். 1969இல் கலிபோர்னியாவில் தோன்றிய அலெம்பிக் போன்ற சிறு பட்டறைகள், அரிய மரங்களைக் கொண்டு, கேட்போரின் விருப்பிற்கேற்பக் கையால் செய்து பல ஆயிரம் டாலருக்கு விற்றன. அதாவது அங்கே முதலில் ஆலை வந்தது. கைவினை அதற்கு மேல் வந்த ஆடம்பரம். எளியவனுக்கு ஆலைக் கருவி, வசதியுள்ளவனுக்குக் கைக்கருவி. கைவினைஞன் தன் வேலைக்குத் தானே விலை கூற முடிந்தது.

வீணைக்கு அத்தகைய கீழ்த்தளம் இல்லை. பயிற்சி தொடங்கும் சிறுமியின் வீணையும் கையால் செய்தது. வித்துவானின் வீணையும் கையால் செய்தது. ஆகவே இருவேறு நெருக்கடிகள் ஒரே இடத்தில் மோதுகின்றன. பல பத்தாயிரம் ரூபாய் என்பது ஆசிரியர் வீட்டுப் பெண்ணுக்கும் உழவர் வீட்டுப் பெண்ணுக்கும் எட்டாத விலை. அதே தொகை, மரவிலையும் பலரின் கூலியும் இடையில் நிற்கும் கடையின் ஆதாயமும் போக, நாட்கணக்கில் குடைந்தவருக்குப் போதாத விலை. வாங்குபவருக்கு மிகுதி, செய்பவருக்குக் குறைவு. இவ்விரண்டும் ஒருசேர உண்மை. மாணவர்க்கு எட்ட வேண்டும் என்னும் நல்லெண்ணத்தின் சுமையை இத்தனை காலமும் தச்சனின் கூலியே தாங்கி வந்திருக்கிறது. அதனால்தான் தஞ்சையில் வீணைக் குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்கின்றனர்.

படாளத்தில் உள்ள சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் உழவருக்கும் குறைகள் பல உண்டு. ஆனால் டன் ஒன்றுக்கு இன்ன விலைக்குக் குறையாமல் என்று ஆண்டுதோறும் அரசு அறிவிக்கிறது. அவ்விலையைக் காட்டி அவர் போராட முடிகிறது. உளி பிடித்தவருக்கு அவ்வாறு காட்ட ஒன்றுமில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாமல்லபுரக் கற்சிற்பத்திற்கு 2017இல் கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். பிற ஊரார் அப்பெயரில் விற்பதைத் தடுக்கும். அது விலையை நிறுவாது, கூலியை உயர்த்தாது. பட்டயம் கிடைத்ததும் கடமை முடிந்ததாகக் கருதுவது பிழை.

செய்தவரையும் வாசித்தவரையும் ஒருங்கே நினைவிற்கொண்ட நிகழ்வும் தமிழகத்தில் உண்டு. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதசுரம் செய்த ரங்கநாத ஆசாரி, டி.என். இராஜரத்தினம் பிள்ளையின் தேவையைக் கேட்டு ஆய்ந்து, சுத்த மத்தியமம் செம்மையாகப் பேசும் பாரி நாதசுரத்தை 1955இல் உருவாக்கினார். வாசிப்பவர் பட்டறைக்கு வந்து குறை கூறினார். செய்பவர் கேட்டுத் திருத்தினார். நரசிங்கம்பேட்டை நாதசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவ்வாசாரியின் பெயரும் பேசப்பட்டது. பெயர் நிலைத்ததற்குக் காரணம், கலைஞர் அவரைக் கூலியாளாகக் கருதாமல் துணைவராகக் கருதியதே.

இலக்கிய வட்டம் மரம் நடவோ கூலி நிறுவவோ இயலாது. ஆயினும் அதன் கைக்கு எட்டிய பணிகள் மூன்று உள்ளன. சரசுவதி பூசையன்று மட்டும் உறை நீக்கப்பட்டு, பொட்டிடப்பட்டு, மறுநாள் மீண்டும் மூலை சேரும் வீணைகள் இவ்வட்டாரத்து வீடுகளில் உள்ளன. தந்தி துருவேறி, மெழுகு வறண்டு கிடக்கும் அவற்றை மேளம் கட்டக் கொடுத்தால் ஒரு தச்சருக்கு வேலை. ஒரு மாணவிக்குக் கருவி. புதிது வாங்கும் செலவில் சிறு பகுதியே போதும். இது முதலாவது. வட்டத்தின் விழாக்களில் வீணை ஒலிக்கும்போது, அழைப்பிதழில் கலைஞரின் பெயருக்குக் கீழே கருவி செய்தவரின் பெயரையும் அச்சிடலாம். அச்சுக்கூலி ஒரு வரிக்கு மிகாது. இது இரண்டாவது. மூன்றாவது கவிஞர்களுக்கு உரியது. வீணையை உவமையாக்கிய கவிதைகள் தமிழில் ஏராளம். குடத்தைக் குடையும் கையைப் பாடிய கவிதைகள் அரிது. நத்தத்தனார் விட்டுச்சென்ற அந்த வெற்றிடம் இடைக்கழிநாட்டுக்கு அண்மையிலுள்ள இவ்வட்டத்துக் கவிஞர்களாலேயே நிரம்பினால் பொருத்தமாகும்.

அவ்வாறு எழுத விரும்புவோர் முதலில் தஞ்சைக்குச் சென்று, ஒரு பட்டறைத் திண்ணையில் ஒரு பகல் அமர்ந்து, குடம் தட்டப்படும் ஓசையைக் கேட்டு வருதல் நலம். வரும்போது விலையைக் கேட்கலாம். குறைத்துக் கேட்க வேண்டா.

வாழ்க இலக்கிய வட்டம்.