மக்காச்சோளமும் சுண்ணாம்பும்



பண்பாட்டைச் சாராமல் அறிவு மட்டும் தனியாக இருக்க முடியுமா? மக்காச்சோளத்தின் கதை இதற்கு ஒரு விடை சொல்கிறது.

மெக்சிகோவின் பூர்வகுடிப் பெண்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவிய பிறகுதான் அரைப்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதுதான் அவர்கள் வழக்கம்.

ஐரோப்பியர்கள் விதையை எடுத்துப்போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, வயிறு கெட்டது, சித்தம் கலங்கியது, பலர் மாண்டுபோனார்கள். 1735-இல் ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் காசல் இந்த நோயைக் கண்டு எழுதிவைத்தார். பின்னாளில் அதற்குப் 'பெலாக்ரா' என்று பெயர் வந்தது. நயாசின் என்ற வைட்டமின் அதைக் குணப்படுத்தும் என்று தெரிய 1937 வரை ஆயிற்று. மக்காச்சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நயாசினை நம் உடலுக்குக் கிடைக்கச் செய்வது அந்தச் சுண்ணாம்புதான்.

நயாசின் பற்றிய உண்மை எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் அதன் பலனை மனிதருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுசேர்த்தது ஒரு சமூகத்தின் அடுப்படி. பிறகு அதை விளக்கிச் சொன்ன ஆய்வுக்கூடமும், கேட்டு, சோதித்து, எழுதிவைக்கும் ஒரு பண்பாடுதான். உண்மை தனியே இருக்கலாம். அது அறிவாக வாழ மனிதர்களின் பழக்கம் வேண்டும்.

ஆகவே பிறரிடமிருந்து ஒரு பொருளை வாங்கும்போது, "இதை நீங்கள் எப்படிப் பக்குவம் செய்வீர்கள்?" என்று பணிவோடு கேட்டு வாங்குவோம்.