கல்லாப்பெட்டியில் பிட்காயின்: நம் வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

(திருச்சி மன்னார்புரத்தில் வணிகர்கள், இளைஞர்கள் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



   

கடையை அடைத்துவிட்டு, களைப்பையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

பெரிய கடைவீதியிலும் சிங்காரத்தோப்பிலும் இன்று இளைஞர்கள் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "மாமா! ஜிபே வாங்குகிறீர்களே, பிட்காயினும் வாங்கினால் என்ன?" வாப்பா காலத்துக் கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை கேட்கிறான். சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்த மச்சான் கேட்கிறார். "உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு" என்று அதட்டினால் அவன் வாயை மூடிக்கொள்வான். ஆனால் செல்போனை மூட மாட்டான். ஆகவே கேள்விக்குப் பதில் சொல்வதே முறை.

பிட்காயின் என்பது என்ன?

2008 அக்டோபர் 31ஆம் நாள் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு குழு, ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வங்கி இல்லாமல், அரசு இல்லாமல், ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வழியை அது விளக்கியது. 2009 ஜனவரி 3ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அந்த ஆள் யார் என்பது இன்றுவரை உலகத்துக்குத் தெரியாது!

இதை ஒரு பெரிய பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைப் பேரேடு ஒரே இடத்தில் இருக்கிறது. இந்தப் பேரேட்டின் நகலோ உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. யார் கணக்கிலிருந்து யார் கணக்குக்கு எவ்வளவு போனது என்பதைச் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பக்கமாக எழுதிச் சேர்க்கிறார்கள். எழுதியதை அழிக்க முடியாது. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுகளுக்கு மேல் உருவாகாது என்பது அதன் விதி.

2010 மே 22ஆம் நாள் அமெரிக்காவில் ஒருவர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அந்தப் பத்தாயிரத்தின் மதிப்பு பின்னாளில் நூறு கோடி டாலரையும் தாண்டியது. இந்தக் கதையைக் கேட்டுத்தான் நம் பிள்ளைகளின் கண்கள் விரிகின்றன. கடைக்காரர் இந்தக் கதையை வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். நாளை விலை ஏறும் என்று நம்புகிறவன் இன்று அதைச் செலவழிப்பானா? விலை இறங்கும் என்று அஞ்சுகிறவர் அதை வாங்கிக் கல்லாவில் போடுவாரா? இரண்டு பேருமே தயங்குகிற பொருள் எப்படிச் சில்லறைக் கடையில் பணமாகும்? சிந்தித்துப் பாருங்கள்!

இளைஞர்களின் கோபத்தில் நியாயம் உண்டு

வங்கியின் மீதும் அரசின் மீதும் நம்பிக்கை குறைந்ததால்தான் இளைஞர்கள் இதன் பக்கம் திரும்புகிறார்கள். இதை மறுக்க முடியுமா? 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். கையிலிருந்த 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாமல் போயின. காந்தி மார்க்கெட்டில் சரக்கு அழுகியது, வாங்க ஆளில்லை. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவர்கள் முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள். 2020 மார்ச்சில் யெஸ் வங்கி வாடிக்கையாளர்களுக்கு 50,000 ரூபாய் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

நம் முன்னோருக்கும் இந்த அனுபவம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த ஜப்பானியர்கள் ஒரு நோட்டு அடித்தார்கள். பத்து டாலர் தாளில் வாழைமரப் படம் இருந்ததால் 'வாழைமர நோட்டு' என்று அதற்குப் பெயர். 1945இல் ஜப்பான் தோற்றது. மூட்டை மூட்டையாய் வைத்திருந்த நோட்டுகள் வெறும் காகிதமாயின. அங்கே கடை வைத்திருந்த நம் ஊர்க்காரர்களும் அந்த அடியை வாங்கியவர்கள்தான்.

ஆக, அரசாங்கக் காசும் கைவிடும் என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து பெற வேண்டிய பாடம் எது? ஏழை வணிகன் தன் முதலை எதில் வைத்திருக்கிறான் என்பதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதே. அந்தப் பாடம் பிட்காயினுக்கும் பொருந்தும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாம் வணிகர்கள். நமக்கு வாதத்தைவிடக் கணக்கு முக்கியம். ஒரு ஜவுளிக்கடையில் 6,000 ரூபாய்க்குக் கைலியும் வேட்டியும் வாங்கிய ஒருவர் அந்த மதிப்புக்குப் பிட்காயின் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அவர் கதை. அந்தப் பிட்காயினை அவர் 2,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், கைலி வாங்கிய அந்த நிமிடமே அவருக்கு 4,000 ரூபாய் லாபம் வந்ததாகச் சட்டம் கருதும். 2022 பட்ஜெட் கொண்டுவந்த விதிப்படி இதற்கு 30 சதவீத வரி. அதாவது 1,200 ரூபாய்; செஸ் தனி. கைலி வாங்கப் போனவர் வருமான வரிக் கணக்கும் எழுத வேண்டும்!

இப்போது கடைக்காரர் கதை. இந்த வியாபாரத்தில் அவருக்கு 600 ரூபாய் லாபம். திங்கட்கிழமை ஈரோட்டு மொத்த வியாபாரிக்கு ரூபாயாகத்தான் பணம் அனுப்ப வேண்டும். அதற்குள் பிட்காயின் விலை நூற்றுக்கு 12 இறங்கிவிட்டால் 720 ரூபாய் போய்விடுகிறது. 600 ரூபாய் லாபமும் போய், கையிலிருந்து 120 ரூபாய் நஷ்டம். அதோடு முடிந்ததா? இல்லை! பிட்காயினில் வந்த நஷ்டத்தை வேறு எந்த வருமானத்திலும் கழிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஆகவே கண்ணால் பார்க்காத அந்த 600 ரூபாய் லாபமும் அவருடைய வருமானக் கணக்கில் அப்படியே நிற்கும். ஜிஎஸ்டியும் 6,000 ரூபாய்க்குத்தான்.

விலை ஏறினால்? ஏறிய தொகையில் 30 சதவீதம் அரசுக்கு. ஏற்றத்தில் அரசு பங்காளி. இறக்கத்தில் நீங்கள் தனியாள்!

இன்னொன்றும் உண்டு. 2022 ஜூலை 1 முதல், பிட்காயினை வாங்கிக்கொள்கிறவர் ஒரு சதவீத வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். சிறு வணிகருக்கு ஒருவரிடம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு உண்டு. அதைத் தாண்டினால், சரக்கு விற்ற கடைக்காரரே வரி பிடிக்கும் அதிகாரியாக மாற வேண்டும்.

12 சதவீதம் என்று பயமுறுத்துகிறீர்களே என்று சிலர் கேட்கலாம். 2020 மார்ச் 12ஆம் நாள் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலை சரிந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலர் அருகே இருந்தது, 2022 நவம்பரில் 16,000 டாலர் அளவுக்கு வந்தது. பின்னர் 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. நூற்றுக்கு ஐந்தோ பத்தோ லாபம் பார்க்கும் நம் கடை இந்த ஊஞ்சலில் உட்கார முடியுமா?

உலகம் பார்த்த பரீட்சை

மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார் என்ற சிறிய நாடு. 2021 செப்டம்பர் 7ஆம் நாள் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் பணமாக ஆக்கியது. மக்களை ஈர்க்க, அரசின் செயலியில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் 30 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடுத்தது. என்ன நடந்தது? பெரும்பாலோர் அந்த முப்பது டாலரைச் செலவழித்துவிட்டுச் செயலியை மறந்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இந்த வழியில் வரவில்லை. சர்வதேச நிதியத்தின் 140 கோடி டாலர் கடனுக்காக, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர் விரும்பினால் வாங்கலாம் என்று மாற்றினார்கள். சட்டமே கட்டளையிட்டும் மக்கள் கையில் புழங்காத காசு, சட்டத்தின் ஆதரவே இல்லாத நம் நாட்டில் எப்படிப் புழங்கும்?

கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் ஸ்டீம் நிறுவனம், கட்டணம் கூடுகிறது, விலை ஆடுகிறது என்று சொல்லி 2017 டிசம்பரில் பிட்காயின் வாங்குவதை நிறுத்தியது. டெஸ்லா 2021 மார்ச்சில் தொடங்கி மே மாதமே நிறுத்தியது. மும்பை வொர்லியில் ஒரு பீட்சாக் கடை 2013 வாக்கில் பிட்காயின் வாங்கத் தொடங்கியபோது பெரிய செய்தி. அது கடைவீதியின் வழக்கமாக மாறவில்லை.

பிட்காயின் பேரேட்டில் விநாடிக்கு ஏழு பரிமாற்றம் அளவுக்குத்தான் எழுத முடியும். விரைவாக அனுப்ப 'லைட்னிங்' என்ற துணை வழி வந்திருக்கிறது. ஆனால் அது விலை ஆட்டத்தைத் தீர்க்காது, வரியையும் தீர்க்காது. நம் நாட்டின் யுபிஐயோ 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6ஆம் நாள் சுற்றறிக்கை விட்டு வங்கிகளின் கதவை அடைத்தது. 2020 மார்ச் 4ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. பிட்காயினைத் தடை செய்யும் சட்டம் இல்லை. அதைப் பணம் என்று ஏற்கும் சட்டமும் இல்லை. வரி மட்டும் உண்டு! 2023 மார்ச்சில் இந்தத் தொழில் நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன.

2024 ஜூலையில் வசீர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காசுகள் களவு போயின. வாடிக்கையாளர்களின் கணக்குகள் ஓராண்டுக்கு மேல் முடங்கின. அந்த வழக்கு ஒன்றில் சென்னை உயர்நீதிமன்றம் 2025 அக்டோபரில், கிரிப்டோ என்பது சொத்து என்று தீர்ப்பளித்தது. வழக்காட ஒரு பிடி கிடைத்திருக்கிறது, நல்லது. ஆனால் சரக்கு வாங்க முதல் தேவைப்படும் நாளில் நீதிமன்றப் படியேற நம்மால் முடியுமா?

நம் பிள்ளைகளுக்கு விரிக்கப்படும் வலை

சகோதரர்களே! இன்று நான் வந்ததே இதைச் சொல்லத்தான். கவனமாகக் கேளுங்கள்.

"உன் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். நீ யுஎஸ்டிடி வாங்கி அனுப்பு. டாலருக்கு இரண்டு ரூபாய் உனக்கு" என்று ஒரு குரல் வரும். டாலர் விலையை ஒட்டியே ஓடும் காசு அது. உட்கார்ந்த இடத்தில் கமிஷன்! பையன் மகிழ்கிறான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு ஊரில், 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டப்பட்ட ஒரு முதியவரின் ஓய்வூதியப் பணமாக இருக்கலாம். அவர் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னதும், பணம் போன வழியெல்லாம் கணக்குகள் முடக்கப்படும். முதலில் சிக்குபவன் கணக்கைக் கொடுத்த பையன். அனுப்பச் சொன்னவன் யாரென்று அவனுக்கே தெரியாது!

கடையின் நடப்புக் கணக்கில் இந்தப் பணம் வந்திருந்தால் கடையே முடங்கும். வேற்று மாநிலக் காவல்நிலையத்திலிருந்து அழைப்பு வரும். முஸ்லிம் பெயரைப் பார்த்தாலே பணம் எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று வேறு கோணத்தில் கேள்வி கேட்கப்படும் காலம் இது. அதை நாம் எதிர்த்துப் போராடுவோம்; போராடிக்கொண்டும் இருக்கிறோம். அதற்காக, அறியாமையால் நாமே வழி திறந்து விடலாமா? ஒரு பையனின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறினால் அவன் பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை, திருமணம் எல்லாமே கேள்விக்குறி அல்லவா?

"யாருக்கும் தெரியாது" என்பது பெரும் பொய். அந்தப் பேரேடு உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. 2016இல் பிட்ஃபினெக்ஸ் என்ற சந்தையிலிருந்து சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் பிட்காயின் திருடப்பட்டது. ஆறாண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில் அதில் 94,000க்கு மேல் அமெரிக்க அரசு கைப்பற்றியது. கைதேர்ந்த திருடனையே காட்டிக்கொடுத்த பேரேடு நம் பிள்ளையை மறைக்குமா?

மார்க்க அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

இதில் ஒத்த கருத்து இல்லை என்பதே நேர்மையான பதில். எகிப்தின் தாருல் இஃப்தா 2018 ஜனவரியில் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா கவுன்சில் 2021 நவம்பரில், பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியப் பங்குச்சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல், பதிவு பெற்ற சந்தைகளில் வாங்கி விற்பதை அனுமதித்தது. கூடாது என்பவர்கள் முக்கியமாகச் சுட்டுவது 'கரர்', அதாவது முடிவு தெரியாத பேரம். ஆற்றில் நீந்தும் மீனுக்கு விலை பேசுவது போன்றது. உங்கள் ஐயத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். யூடியூப் விளம்பரக்காரரிடம் கேட்காதீர்கள்.

என்ன செய்யலாம்?

ஒன்று: கடையின் சுழல் முதலைப் பிட்காயினில் வைக்காதீர்கள். சரக்குக்கும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் உரிய பணம் அது. ஆசைப்பட்டு வாங்குகிறவர், முழுவதும் போனாலும் குடும்பம் பட்டினி கிடக்காத தொகையோடு நிறுத்திக்கொள்ளட்டும். வரிக் கணக்கில் மறைக்காமல் காட்டட்டும்.

இரண்டு: வங்கிக் கணக்கு, ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் யாருக்கும் இரவல் தராதீர்கள். நண்பனுக்கும் கூடாது.

மூன்று: சிங்கப்பூரிலுள்ளவர்கள் பணம் அனுப்ப, அங்குள்ள பேநவ், நம் யுபிஐ இரண்டும் 2023 பிப்ரவரி 21 முதல் இணைக்கப்பட்டிருக்கின்றன. எந்தெந்த வங்கிகளில் இந்த வசதி என்று கேட்டுப் பயன்படுத்துங்கள். குறுக்கு வழி வேண்டாம்.

நான்கு: மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதே மன்னார்புரத்தில் இயங்கிய எல்பின் நிறுவனத்தின் மீது, முதலீட்டாளர் பணத்தைத் திருப்பித் தரவில்லை என்ற புகாரில் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டதை மறந்துவிட்டோமா? காசின் பெயர் மாறும், வலை ஒன்றுதான்.

ஐந்து: சிறு வணிகருக்கு வட்டியில்லாக் கடன் கிடைத்தால் குறுக்குவழி ஆசை தானே குறையும். ஒவ்வொரு மஹல்லாவிலும் பைத்துல்மாலைச் சீர்படுத்தி, கணக்கைப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டி, பத்தாயிரம் இருபதாயிரம் என்று சுழலவிடுவோம். ஜமாஅத் நிர்வாகிகளிடம் இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இளைஞர்களே! கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பேரேட்டுத் தொழில்நுட்பத்தையும் கற்று நல்ல வேலைக்குப் போங்கள். வாப்பா நாற்பது ஆண்டு நின்று சேர்த்த முதலை நாற்பது நிமிடத்தில் தொலைப்பது திறமை ஆகாது.

நம் வணிகத்தில் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக!