தண்ணீர் லாரியின் எடை எங்கே இறங்குகிறது?

(பெரிய டேங்கர் லாரிகளை வளாகத்துக்குள் அனுமதிப்பது பற்றிய விவாதத்துக்கு முன், சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. இவர் லாரி பாடி வடிவமைப்பில் பணியாற்றியவர்.)



இன்றைய அஜெண்டாவில் மூன்றாவது விஷயம் தண்ணீர் லாரி. இப்போது 12,000 லிட்டர் ஆறு சக்கர லாரி கேட்டுக்கு உள்ளே சாலையோரம் நின்று, குழாய் போட்டு சம்ப்புக்குத் தண்ணீர் விடுகிறது. கோடையில் ஒரு நாளைக்கு பல நடை. அதற்குப் பதிலாக 24,000 லிட்டர் பத்துச் சக்கர லாரியை வரவழைத்து, பேஸ்மென்ட் கூரை மேல் ஓட்டி, சம்ப் பக்கத்திலேயே நிறுத்தினால் லிட்டருக்கு விலை குறையும், நேரமும் மிச்சம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் கை தூக்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடலாம். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

லாரி கம்பெனியிலிருந்து பெரும்பாலும் சேசிஸ் மட்டும்தான் வரும். அதாவது எஞ்சின், சட்டம், ஆக்சில், சக்கரம், சிலவற்றில் கேபின். அதன் மேல் டேங்கோ, சரக்குப் பெட்டியோ கட்டுவது பாடி கட்டும் பட்டறை. நம் மாநிலத்தில் நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இந்தத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே வரைபடம் போடுகிறவர் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை டன்?" என்பதல்ல. "எந்த ஆக்சிலில் எத்தனை டன்?" என்பதுதான்.

ஏன் என்றால், இரண்டு பேர் ஒரு மூங்கில் கம்பில் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டுத் தூக்கிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடம் நடுவில் இருந்தால் இருவருக்கும் சம பாரம். குடம் பின்னால் இருப்பவர் பக்கம் நகர்ந்தால் அவர் தோள்தான் நோகும். குடத்தின் எடை மாறவே இல்லை. பாரம் விழும் இடம் மாறிவிட்டது. லாரியில் முன் ஆக்சில் ஒருவர், பின் ஆக்சில் இன்னொருவர். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் வீல்பேஸ்.

சட்டமும் அப்படித்தான் வரம்பு வைத்திருக்கிறது. மத்திய அரசு 2018 ஜூலையில் இந்த வரம்புகளை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் ஆக்சிலுக்கு முன்பு 10.2 டன், இப்போது 11.5 டன். பத்துச் சக்கர லாரியில் பின்னால் அடுத்தடுத்து இருக்கும் ஜோடி ஆக்சிலுக்கு முன்பு 19 டன், இப்போது 21 டன். முழு வண்டி என்று பார்த்தால் ஆறு சக்கர லாரிக்கு 18.5 டன், பத்துச் சக்கர லாரிக்கு ஏறத்தாழ 28 டன்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. ஆறு சக்கர லாரி, வீல்பேஸ் 4.5 மீட்டர். காலி டேங்கோடு சேர்த்து முன் ஆக்சிலில் 3 டன், பின் ஆக்சிலில் 3.5 டன், மொத்தம் 6.5 டன் என்று வைப்போம். 12,000 லிட்டர் தண்ணீர் என்றால் 12 டன். கூட்டினால் 18.5 டன். சட்ட வரம்புக்குள் சரியாக இருக்கிறது.

டேங்கின் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு முன்னால் 1.5 மீட்டரில் இருந்தால், தண்ணீரில் முன் ஆக்சிலுக்குப் போகும் பங்கு: 12-ஐ 1.5-ஆல் பெருக்கி 4.5-ஆல் வகுத்தால் 4 டன். மீதி 8 டன் பின்னால். ஆக முன்னால் 7, பின்னால் 11.5. எல்லாம் வரம்புக்குள்.

அதே லாரி, அதே டேங்க், அதே தண்ணீர். பட்டறையில் டேங்கை முக்கால் மீட்டர் பின்னால் தள்ளிப் பொருத்திவிட்டார்கள் என்று வையுங்கள். இப்போது முன்னால் போகும் பங்கு 2 டன்தான். பின்னால் 10 டன். காலி எடையையும் சேர்த்தால் முன்னால் 5, பின்னால் 13.5. மொத்தம் அதே 18.5 டன். ஆர்.சி. புக்கைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் பின் ஆக்சிலில் 2 டன் அதிகம். முன் சக்கரத்தில் பாரம் குறைந்ததால் ஸ்டீயரிங் பிடிப்பும் குறையும்.

டேங்கின் அளவையும் நாமே சரிபார்க்கலாம். நீள்வட்ட டேங்க் என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 0.785-ஆல் பெருக்க வேண்டும். 4.6 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரம் என்றால் 11.9 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 12,000 லிட்டர். நாம் பணம் கொடுக்கும் அளவுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவும் இந்தக் கணக்கு உதவும்.

பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி வீல்பேஸில் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது. நம் மாதிரி வண்டிக்கு அது 2.7 மீட்டர். டேங்கைப் பின்னால் தள்ளிய பிறகும் நீட்டம் சுமார் 1.6 மீட்டர்தான். இந்த விதியையும் அது தாண்டவில்லை. மொத்த எடை சரி, நீட்டம் சரி, ஆனால் ஆக்சில் தப்பு. இன்னொன்று: நீட்டம் கூடினால், வண்டி வளையும்போது பின்முனை எதிர்ப்பக்கம் வீசும். டிரைவர் கண்ணுக்கு அது தெரியாது. நம் டிரான்ஸ்பார்மர் வேலி இருக்கும் வளைவில் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, 2 டன் கூடினால் என்ன ஆகிவிடும்? அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை, சோதனைச் சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து வந்த முடிவு: சாலைக்கு ஏற்படும் சேதம் ஆக்சில் எடையின் நான்காம் மடியை ஒட்டிக் கூடுகிறது. அந்தக் கணக்கில் 11.5 டன்னுக்குப் பதில் 13.5 டன் என்றால் சேதம் ஏறத்தாழ 1.9 மடங்கு. எடை கூடியது 17 சதவீதம், சேதம் கூடியது 90 சதவீதம். நம் கார்களின் ஆக்சிலில் முக்கால் டன் இருக்கும். 11.5 டன் ஆக்சில் ஒருமுறை போவது, அப்படிப்பட்ட கார் ஆக்சில் 55 ஆயிரம் முறை போவதற்குச் சமம். கேட் பக்கத்தில் பேவர் பிளாக் ஏன் திரும்பத் திரும்ப அமுங்குகிறது என்று கேட்கிறீர்களே, பதில் இதில் இருக்கிறது.

அது மண் மேல் போட்ட சாலை. அமுங்கினால் பிளாக்கைப் பெயர்த்து, மணல் போட்டு, மறுபடி பதித்துவிடலாம். பேஸ்மென்ட் கூரை அப்படியல்ல. அது தூண்களுக்கு நடுவே நிற்கும் கான்கிரீட் தளம். கட்டடங்களுக்கான பாரத்தைச் சொல்லும் ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதியில், 2.5 டன்னுக்கு மேற்படாத வண்டிகள் நிற்கும் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 250 கிலோ என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். லாரியின் பின் ஆக்சிலில் 11.5 டன் என்றால் ஒரு பக்கத்து இரட்டை டயரில் 5,750 கிலோ. லாரி டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ அளவில் காற்று இருக்கும். ஆக இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 720 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அந்தத் தாள் அளவு இடத்தில் ஐந்தே முக்கால் டன்.

தளம் உடனே இடிந்து விழும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. கான்கிரீட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் திரும்பத் திரும்ப அதிக பாரம் ஏறினால் மயிரிழை விரிசல் விழும், வாட்டர் புரூஃபிங் கிழியும், மழைநீர் இறங்கும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். பேஸ்மென்ட்டில் கார் மேல் சொட்டும்போதுதான் நமக்குத் தெரியும். அதற்குள் பல வருஷம் ஓடியிருக்கும்.

"தீயணைப்பு வண்டி போகலாம், தண்ணீர் லாரி போகக்கூடாதா?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தீயணைப்பு வண்டி போகும் வழி 45 டன் தாங்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித் தொகுப்பு சொல்கிறது. ஆனால் அது வரைபடத்தில் குறித்த அந்த வழிக்கு மட்டும். அதை ஒட்டியுள்ள பகுதி வெறும் கார் பாரத்துக்குப் போட்டதாக இருக்கலாம். தரையில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே டைல்ஸ்தான். மேலும் தீயணைப்பு வண்டி எப்போதோ வரும். தண்ணீர் லாரி தினமும் வரும்.

இப்போது அந்த 24,000 லிட்டருக்கு வருவோம். தண்ணீர் மட்டுமே 24 டன். பத்துச் சக்கர லாரிக்கு மொத்த வரம்பு ஏறத்தாழ 28 டன். அப்படியென்றால் எஞ்சின், சேசிஸ், டேங்க் எல்லாம் சேர்ந்து 4 டன்னுக்குள் இருக்க வேண்டும். சற்றுமுன் பார்த்த ஆறு சக்கர லாரியே காலியாக 6.5 டன். ஆகவே பத்துச் சக்கர லாரி 24,000 லிட்டரை முழுக்க நிரப்பி வந்தால் அது ஓவர்லோடுதான். அதற்கு எடைமேடை கூடத் தேவையில்லை. ஜோடி ஆக்சில்கள் ஒன்றுக்கொன்று ஒன்றரை மீட்டருக்குள்தான் இருக்கும். அந்தப் பாரம் முழுவதும் தளத்தின் ஒரே கட்டத்தில் இறங்கும்.

பாதி நிரப்பி வரச் சொன்னால் போதாதா என்றால், அதிலும் ஒரு சிக்கல். முழு டேங்கில் தண்ணீர் அசைய இடமில்லை. பாதி டேங்கில் பிரேக் அடித்தால் தண்ணீர் முன்னால் பாயும், வளைத்தால் பக்கவாட்டில் சாயும். அதற்காகத்தான் உள்ளே குறுக்கே தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். அவை இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து தெரியாது. குழந்தைகள் சைக்கிள் ஓட்டும் வளாகத்துக்குள் இதையும் யோசிக்க வேண்டும்.

என் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, எந்த டேங்கரும் பேஸ்மென்ட் கூரை மேல் ஏற வேண்டாம். இப்போது போலவே சாலையோரம் நிற்கட்டும். அங்கிருந்து சம்ப்புக்கு நிரந்தரமாக ஒரு குழாய் பதித்துவிட்டால் நேரமும் மிச்சமாகும்.

இரண்டு, வரும் லாரிகளின் ஆர்.சி. நகலை அலுவலகத்தில் வாங்கி வைக்க வேண்டும். பார எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது கிலோவில் அந்த வண்டி சுமக்கலாம் என்ற அளவு. தண்ணீருக்கு அதுவே லிட்டர். அதற்கு மேல் ஏற்றி வரும் வண்டி வேண்டாம்.

மூன்று, வழக்கமாக வரும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரே ஒரு முறை எடைமேடைச் சீட்டு. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை. கழித்தால் பின் ஆக்சில் எடை வந்துவிடும். செலவைச் சங்கமே ஏற்கலாம்.

நான்கு, பில்டரிடமிருந்து ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தை வாங்கி, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டி, எந்தப் பகுதி எவ்வளவு தாங்கும் என்று எழுத்தில் பெற வேண்டும். அந்த எல்லையைத் தரையில் மஞ்சள் கோடாகப் போட்டுவிட்டால் செக்யூரிட்டி யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. வீடு மாற்றும் லாரிக்கும், மணல், ஜல்லி கொண்டு வரும் வண்டிக்கும் அதே கோடுதான்.

இந்த நான்கும் முடிந்து, கூரை தாங்கும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால், வரம்புக்குள் ஏற்றி வரும் பெரிய லாரியை நானே ஆதரிக்கிறேன். அதுவரை லிட்டருக்குச் சில பைசா கூடக் கொடுப்பதே நமக்கு லாபம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கையில் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன், சேர்ந்தே கணக்குப் போடலாம்.