ஆறு புள்ளியும் இரண்டு மொழியும்



பிழைப்பை நாடிப் பிற மாநிலம் புகும் குடும்பத்திற்கு முதற்கவலை வீடு. அடுத்த கவலை பள்ளிக்கூடம். பெங்களூரில் அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் ஆகிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர்க்கும், நேற்று ரயிலிலிருந்து இறங்கிக் கட்டட வேலைக்கு வந்தவர்க்கும் இது பொதுவானதே. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடப் புத்தகத்தில் ஆங்கிலம் என்று நம் பிள்ளைகள் எப்படியோ மூன்றையும் பிடித்துக்கொண்டு விடுகிறார்கள். ஆனால் அப்பிள்ளைக்குக் கண்பார்வை இல்லை, அல்லது காது கேளாது, அல்லது அறிவு வளர்ச்சி மெதுவாக அமைந்துள்ளது என்றால் பெற்றோர் திகைத்துப் போகின்றனர். அத்தகைய பிள்ளையைப் பாட்டியிடம் ஊரிலேயே விட்டு வருகிறவர்கள் நம்மில் உண்டு. வந்த ஊரில் வீட்டோடு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ‘மொழி தெரியாத இடத்தில் இவன் என்ன படிக்கப் போகிறான்?’ என்பது அவர்கள் கூறும் காரணம். அக்காரணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையே இன்று ஆராய்வோம்.

முதலில் பார்வையற்ற பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கண்ணுள்ள தமிழ்ப் பிள்ளை கன்னடம் படிக்க வேண்டுமாயின் புதியதோர் எழுத்து வரிசையை அடியிலிருந்து கற்றாக வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்கோ அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை! இது பலருக்கும் வியப்பாக இருக்கலாம்.

பிரெய்ல் எழுத்து என்பது ஆறு புள்ளிகளால் ஆனது. இடப்புறம் மூன்று, வலப்புறம் மூன்று. அவற்றுள் எவை மேலெழும்பி நிற்கின்றன என்பதை விரல் நுனி தடவி அறிகிறது. நம் நாட்டில் இதைக் கற்பிக்கும் முயற்சி பழமையானது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோர்க்குப் பள்ளி நடந்தது. மைசூரில் பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்குமான பள்ளி 1901-இல் தோன்றியது. ஆயினும் அக்காலத்தில் பகுதிக்கு ஒரு பிரெய்ல் முறை வழங்கிற்று. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைப் படிக்க இயலாது. 1951-ஆம் ஆண்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ‘பாரதி பிரெய்ல்’ ஏற்கப்பட்டது. ஒலிக்கு ஓர் அடையாளம் என்பதே அதன் அடிப்படை. அகரத்திற்கு முதற்புள்ளி ஒன்று. ககரத்திற்கு முதற்புள்ளியும் மூன்றாம் புள்ளியும். மகரத்திற்கு அவ்விரண்டோடு நான்காம் புள்ளியும். தமிழிலும் இவையே, கன்னடத்திலும் இவையே, மும்பையில் வாழும் தமிழ்ப் பிள்ளை மராத்தி கற்கும்போதும், தில்லியில் இந்தி கற்கும்போதும் இவையே. நம்முடைய ழகரம் போன்ற சில எழுத்துகளுக்குத் தனி அடையாளம் உண்டு. வல்லின ஒலிகளில் கன்னடத்திற்கு மிகுதியாக உள்ளவற்றைப் பிள்ளை புதிதாகக் கற்க வேண்டும். அவ்வளவே. கன்னடத்தில் ‘மர’ என்பது நம் மரம். ‘கண்ணு’ என்பது நம் கண். விரல் முன்னரே அறிந்த புள்ளிகள்தாம். நாம் பேருந்துப் பலகையைப் படிக்க இயலாமல் பிறரைக் கேட்டு நின்ற நாட்களை நினைத்தால், இப்பிள்ளைகள்மீது சற்றுப் பொறாமைகூட உண்டாகிறது.

காது கேளாத பிள்ளையின் நிலை வேறு. அதற்கு முதலில் வேண்டுவது காலம் தாழ்த்தாத பரிசோதனை. மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகம் இதற்கென்றே உள்ளது. இந்தியச் சைகை மொழியும் மாநில எல்லையோடு நின்றுவிடுவதில்லை. சில சொற்கள் ஊருக்கு ஊர் மாறினாலும், மதுரையில் கற்ற சைகை பெங்களூரில் வீணாகாது.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஆகியோர் வீட்டில் நாம் கேள்விப்படுவது இன்னொன்று. ‘இரண்டு மொழி குழப்பும், வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள்’ என்று யாரேனும் அறிவுரை கூறுகின்றனர். நல்லெண்ணத்தோடுதான் கூறுகின்றனர். ஆனால் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், இத்தகைய பிள்ளைகளும் தம் ஆற்றலுக்கேற்ப இரு மொழி கற்கக்கூடும் என்றும், இரு மொழி கேட்பதால் வளர்ச்சி பின்னடைவதில்லை என்றும் காட்டுகின்றன. தாய் தமிழில் கொஞ்சுவாள், கடிவாள், கதை சொல்வாள். அரைகுறைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ அவள் எத்தனை சொல் பேசிவிட முடியும்? வீட்டில் பேச்சே குறைந்துபோகும், இழப்பு பிள்ளைக்கே.

இனி, பள்ளி வாசல். மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், 2016-இன்படி, 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளை 6 வயது முதல் 18 வயது வரை கட்டணமின்றிப் படிக்கலாம்; அருகிலுள்ள பொதுப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அப்பிள்ளையின் விருப்பம். அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கும் வழிசெய்யுமாறு அச்சட்டம் அரசைப் பணிக்கிறது. மொழி விலக்கு என்றதும் நம்மவர் பலர் மகிழ்ந்து கையெழுத்திட விரைவர். சற்றுப் பொறுத்தல் நலம். காது கேளாத பிள்ளைக்கு மூன்று மொழிச் சுமை கடுமையானது. அதற்கு விலக்கு தக்கதே. ஆனால் பெங்களூரிலேயே வாழ்ந்து பிழைக்கப்போகும் பிள்ளைக்கு, இயலுமாயின் கன்னடம் வேண்டும். தேர்விலிருந்து விலக்குப் பெற்றாலும் வகுப்பில் அமர்ந்து கேட்கத் தடையில்லை.

சட்டம் சொல்வதெல்லாம் எல்லாப் பள்ளியிலும் நடந்துவிடுகிறது என்று நாம் கூறத் துணியோம். சிறப்பாசிரியர் பற்றாக்குறை பெரிது. எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என வரையறுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021-இல் பணித்தது; அதன்பின் தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைக்கு ஒருவர், மேல்வகுப்பில் 15 பிள்ளைக்கு ஒருவர் என்று மத்திய அரசு வகுத்தது. கணக்கு தாளில் உள்ளது. ஆசிரியர் வகுப்பில் உள்ளாரா என்று சேர்க்கும் அன்றே கேட்டறிய வேண்டும். இல்லையெனில், வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியர் எந்த நாளில் வருவார் என்று தலைமையாசிரியரைக் கேட்கலாம். பெங்களூரில் 1959 முதல் உடற்குறையுள்ளோர்க்காகப் பணியாற்றும் ஏ.பி.டி. சங்கமும், நிமான்ஸ் மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவும் வழிகாட்டக் கூடியவை.

ஊரிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். தமிழ்நாட்டில் பெற்ற மாற்றுத்திறனாளர் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். இங்கு வந்து மீண்டும் வாங்கவேண்டியதில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையாயின், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அவ்வாறு கூறுகிறது. ஆதலால் பெட்டியில் குடும்ப அட்டையை வைக்கும்போது, அந்தச் சான்றிதழையும், பிள்ளை படித்த பிரெய்ல் புத்தகம் இருந்தால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆசிரியர் தமிழ் அறியாதவராக இருப்பினும், பிரெய்ல் கற்றவராயின் அப்புத்தகத்தை அவராலும் எழுத்துக் கூட்ட முடியும்.