அஞ்சும் குழந்தையும் மனோதத்துவ அறிஞரும்



மனிதன் ஏன் இவ்விதம் நடந்துகொள்கிறான் என்னும் வினாவுக்கு மனோதத்துவ சாஸ்திரம் ஒரே விடை தருவதில்லை என்பதை அதன் பெருங்குறையாகச் சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். அஞ்சிய குழந்தைகள் மூவரின் வரலாற்றை அவர்கள் அறிந்திருந்தால் அவ்வாறு பேச மனம் துணியார் என்பது என் திடமான நம்பிக்கை.

வியன்னா நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், குதிரை கடித்துவிடும் என்று பயந்து தெருவுக்கு வரவே மறுத்தான். அவனுக்கு ஹான்ஸ் என்று புனைபெயரிட்டு 1909இல் எழுதிய சிக்மண்ட் பிராய்டு, சிறுவன் உள்ளூர அஞ்சியது தன் தந்தையையே என்றும், நனவிலி மனம் அவ்வச்சத்தைக் குதிரையின்மேல் ஏற்றிவிட்டது என்றும் வியாக்கியானம் செய்தார். ஆனால், வண்டி இழுத்துவந்த குதிரையொன்று விழுந்து கால்களை உதைத்துக்கொண்டதைச் சிறுவன் நேரில் கண்டிருந்தான் என்ற செய்தியும் அவர் எழுத்திலேயே இருக்கிறது.

கண்ணால் கண்டதே போதும், மனத்தின் ஆழத்தைத் துழாவ வேண்டியதில்லை என்றவர் அமெரிக்க அறிஞர் ஜான் வாட்சன். 1920இல் அவரும் ரோசலி ரேனரும், வெள்ளெலியைக் கண்டு சற்றும் அஞ்சாத பதினொரு மாதக் குழந்தை அதைத் தொடும்போதெல்லாம், பின்னாலிருந்து இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். விரைவில் எலியைக் கண்டாலே குழந்தை வீறிட்டது. முயலையும் நாயையும் கண்டும் கலங்கியது. நடத்தை கற்றுக்கொள்ளப்படுவது என்ற கொள்கை நிலைநாட்டப்பட்டது; அந்தக் குழந்தையின் பயமோ போக்கப்படவேயில்லை. இதை என் மனம் இன்றும் மன்னிக்க மறுக்கிறது.

அச்சம் கற்கப்படுவதாயின் அதை மறக்கச் செய்யவும் முடியுமல்லவா? 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் அதைச் செய்து காட்டினார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்னும் சிறுவனுக்குப் பிரியமான உணவைத் தந்து, அவன் உண்ணும் வேளையில் கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, நாளடைவில் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். இடையில் பெரிய நாயொன்று பாய்ந்து பயமுறுத்தியதால் முன்னேற்றமெல்லாம் குலைந்தும் அவர் சோர்ந்துவிடவில்லை. முடிவில் பீட்டர் அம்முயலைத் தடவிக் கொடுத்தான்.

பின்வந்தோர் மூளையின் இயக்கத்தையும் எண்ணத்தின் பிழைகளையும் ஆராய்ந்தனர், அவையும் வேண்டியவையே. ஆயினும் துன்புறும் உயிருக்கு ஆறுதல் தந்த விளக்கத்துக்கே நான் முதலிடம் தருவேன்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! அஞ்சி நிற்கும் பிள்ளையைக் கோழையென்று ஏசாதீர்கள். இருட்டறையில் அடைத்துத் தைரியம் புகட்ட முயலாதீர்கள். அது எதைக் கண்டது, எதைக் கேட்டது என்று பொறுமையோடு விசாரியுங்கள்.